தேவகோட்டையில் இருந்துகொண்டு ஓர் ஆங்கிலக் கால்பந்துக் கழகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: தேவகோட்டை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தேவகோட்டையில் கணித ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். 2022-ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பையை நானும், அப்போது நான்காம் வகுப்பில் படித்த என் மகனும் ஆர்வத்தோடு பார்த்தோம். அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று சமநிலையில் நின்று, பெனால்டியில் முடிவு தெரிந்த அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு, இன்னும் நான்கு ஆண்டுகள் காத்திருக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஆகவே இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கைப் பார்க்கத் தொடங்கினோம். அங்கே சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், குளிர்காலத்தில் நமக்கு இரவு 8.30 மணிக்கும், அவர்கள் கடிகாரத்தை மாற்றியபின் 7.30 மணிக்கும் வருகிறது. எங்கள் இரவுச் சாப்பாட்டு நேரமும் அதுவே.

எங்கள் குறை என்னவென்றால், எங்களுக்கென்று ஓர் அணி இல்லை. யார் கோல் அடித்தாலும் கை தட்டுகிறோம், ஆனால் மனம் பதறுவதில்லை. கணவரின் நண்பர்கள் பெரும்பாலும் மான்செஸ்டர் யுனைடெட் அல்லது லிவர்பூல் என்கிறார்கள். பினாங்கில் இருக்கும் என் அண்ணனும் யுனைடெட் ரசிகரே. மகனோ, 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற மான்செஸ்டர் சிட்டிதான் வேண்டும் என்கிறான். வெற்றி பெறுகிறது என்பதற்காக மட்டும் ஓர் அணியைப் பிடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் சரியில்லை என்று அவனுக்கு எடுத்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊர்களில் கால் வைத்தே இராத நாம், அவற்றின் கழகம் ஒன்றை ‘எங்கள் கழகம்’ என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால், எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்? உங்கள் அணியின் பெயரை மட்டும் சொல்லாமல், காரணத்தையும் சேர்த்து எழுதினால் என் மகனுக்குப் படித்துக் காட்டுவேன்.

பதில்: கோட்டையூர் ஐயா

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு நம் ஊர் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை கூட்டிக்கொள்வதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வேறு கோயிலைச் சேர்ந்த வீட்டில் பிறந்த பையன், சுவீகாரம் வந்த நாள் முதல் இந்த வீட்டின் கோயிலைச் சேர்ந்தவனாகிறான். திருமணமானதும் இந்தக் கோயிலில்தான் அவனுக்குப் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் இடம். இந்த வீட்டின் சொத்து மட்டுமல்லாமல், இதன் கடனும், பங்காளிகளும், பழைய துக்கங்களும் அவனுடையவை ஆகின்றன. அவன் இங்கே பிறக்கவில்லை என்று யாரும் அவனைத் தள்ளி வைப்பதில்லை. வெளிநாட்டு ரசிகனும் அப்படிச் சுவீகாரம் போகிறவன் என்றே நான் கருதுகிறேன். கோப்பைகளை மட்டும் எடுத்துக்கொள்வேன், கடனும் துக்கமும் எனக்கு வேண்டாம் என்று அவன் சொல்லக்கூடாது.

இதை நான் பட்டே கற்றுக்கொண்டேன். 1991-இல் மலேசியாவின் ஈப்போவுக்கு வேலைக்குப் போனபோது, அறையில் உடனிருந்தவர்களோடு மாமாக் கடையில் (அங்குள்ள தமிழ் முஸ்லிம்களின் உணவுக்கடை) அமர்ந்து ஆட்டம் பார்க்கும் பழக்கம் ஏற்பட்டது. அப்போது லிவர்பூல் 18 முறை பட்டம் வென்ற கழகம். 1990-இல் வென்றதுதான் பதினெட்டாவது. மான்செஸ்டர் யுனைடெட் அன்றுவரை வென்றிருந்தது வெறும் ஏழு. வெல்கிற குதிரை என்று எண்ணித்தான் நான் லிவர்பூலைப் பிடித்தேன். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள்: 2013-க்குள் யுனைடெட்டின் கணக்கு 20 ஆகிவிட்டது, எங்கள் கணக்கு 18-இலேயே நின்றது. 2018-19 பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்று 97 புள்ளிகள் எடுத்தும், 98 எடுத்த சிட்டிக்கு அடுத்த இடம்தான் கிடைத்தது. பத்தொன்பதாவது பட்டம் வந்த 2020 ஜூனில் நான் கோட்டையூருக்குத் திரும்பியிருந்தேன். நோய்த்தொற்றுக் காலம் என்பதால் அங்கே மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. இங்கே நானும் எங்கள் வீட்டு வளவில் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு ஈப்போவில் ஆட்டம் பார்த்தவர்களில் இருவர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் என்பது அவ்வளவு நீளம்.

ஆகவே உங்கள் மகனிடம், இன்று வெல்கிற அணி அவன் கல்லூரிக்குப் போகும்போதும் வெல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்று சொல்லுங்கள். சிட்டியின் கதையே அதற்குச் சான்று. 1999 மே 26 அன்று யுனைடெட் பார்சிலோனாவில் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அதற்கு நான்கு நாட்கள் கழித்து, சிட்டி மூன்றாம் பிரிவிலிருந்து மேலேறுவதற்காக வெம்பிளியில் ஜில்லிங்காம் என்ற சிறிய கழகத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. தொண்ணூறாவது நிமிடம் நெருங்கும்வரை 0-2 என்று பின்தங்கியிருந்து, கடைசி நேரத்தில் இரண்டு கோல் அடித்து, பெனால்டியில் தப்பியது. அந்த மழைநாளில் வெம்பிளியில் நின்றவர்களின் கழகம் அது என்று தெரிந்துகொண்டு சிட்டியைத் தேர்ந்தெடுத்தால், எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்தக் கழகம் மீது 2023 பிப்ரவரியில் நிதி விதிகளை மீறியதாக நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டதையும், கழகம் அவற்றை மறுத்ததையும் சேர்த்தே அவன் தெரிந்துகொள்ளட்டும். சுவீகாரம் என்றால் எல்லாமும்தான்.

பங்காளி என்று சொன்னேன் அல்லவா, அதையும் விளக்கிவிடுகிறேன். லிவர்பூல் நகரத்தின் மூத்த கழகம் எங்களுடையது அன்று, எவர்ட்டன். 1878-இல் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கியது. இன்று எங்கள் கோயிலாக நாங்கள் கொண்டாடும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1884 முதல் ஆடியவர்கள் அவர்களே. 1891-இல் பட்டம் வென்றதும் அங்கிருந்துதான். இடத்துக்காரர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகை முதலியவற்றில் தகராறு முற்றி, 1892-இல் அவர்கள் வெளியேறி, பூங்காவுக்கு அந்தப் பக்கம் குடிசன் பார்க்கைக் கட்டிக்கொண்டார்கள். காலியாகக் கிடந்த மைதானத்துக்காக ஹோல்டிங் புதிதாக உண்டாக்கியதே எங்கள் லிவர்பூல். பாகப்பிரிவினையில் பழைய வீடு எங்களுக்கும், பரம்பரைப் பெயர் அவர்களுக்கும் போனது போல.

பங்காளி என்றாலும் துக்கத்துக்கு வருகிறவன் அவன்தான். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் எங்கள் ஆதரவாளர்கள் 97 பேரின் உயிர் போனது. அடுத்த சனிக்கிழமை, குடிசனிலிருந்து ஆன்ஃபீல்டு வரை, இடையில் உள்ள பூங்காவைக் கடந்து, எங்கள் சிவப்புத் துண்டும் எவர்ட்டனின் நீலத் துண்டுமாகக் கழுத்துத் துண்டுகளை முடிச்சுப் போட்டு ஒரே சரமாகக் கட்டினார்கள். நான் ரசிகனாவதற்கு முன் நடந்தது அது. ஆனாலும் அந்தத் துக்கம் என்னுடையதும்தான்.

நான் லிவர்பூலைச் சிபாரிசு செய்யவில்லை. நான்கைந்து வாரம், வாரத்துக்கு ஓர் அணி என்று முழுதாகப் பாருங்கள். எந்த அணி தோற்றபோது பையன் சாப்பிடாமல் எழுந்து போகிறான் என்று கவனியுங்கள்.

பதில்: காரைக்குடி மாணவன்

ஐயா சொல்வதில் ஒரு சிறு மாறுபாடு எனக்கு உண்டு. வெல்கிற அணியைப் பிடிப்பதில் தவறே இல்லை. சிறுவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். 2012 மே மாதம் மியூனிக்கில், பயர்ன் மியூனிக்கின் சொந்த மைதானத்தில் செல்சி வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், 88-ஆவது நிமிடத்தில் செல்சியின் டிரோக்பா தலையால் அடித்த கோலைப் பார்த்து நான் செல்சி ரசிகனானேன். அன்று எனக்கு வயது பத்து. அந்தக் கழகத்தின் வரலாறு எதுவும் தெரியாது. 2022-23 பருவத்தில் செல்சி பன்னிரண்டாம் இடத்தில் முடித்தபோதும் நான் வேறு பக்கம் போகவில்லை. ஆசிரியை அம்மா, சிட்டிதான் வேண்டும் என்று உங்கள் மகன் சொன்னால் தடுக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே அணியைப் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை.

பதில்: முனீஸ்வரன் கோயில் தெரு

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். பிரிக்கப்படும் வீடுகளிலிருந்து பீங்கான் தட்டுகளும் கோப்பைகளும் எங்களிடம் வரும். அவற்றைக் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் படிப்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அப்படிப் படித்துப் படித்துத்தான் ஸ்டோக்-ஆன்-டிரென்ட், பர்ஸ்லம், ஹான்லி என்ற பெயர்கள் எனக்குப் பழகின. அவை எல்லாம் ஒரே மண்பாண்ட நகரத்தின் பகுதிகள் என்றும், அந்த ஊரின் கழகமான ஸ்டோக் சிட்டியைக் ‘குயவர்கள்’ என்றே அழைக்கிறார்கள் என்றும் பின்னர் அறிந்தேன். என் கையில் இருக்கும் தட்டைச் சுட்ட சூளைத் தொழிலாளி சனிக்கிழமை போய் நின்று பார்த்த அணி அது என்ற எண்ணம் வந்ததும், வேறு எதையும் தேடத் தோன்றவில்லை.

1888-இல் லீக் தொடங்கியபோது இருந்த 12 கழகங்களில் ஸ்டோக்கும் ஒன்று. இருந்தும் அது வென்ற பெரிய கோப்பை ஒன்றே ஒன்றுதான்: 1972-இல் செல்சியை 2-1 என்று வென்று பெற்ற லீக் கோப்பை. ஸ்டான்லி மேத்யூஸ் தமது ஐம்பதாவது வயதில் லீக் ஆட்டம் ஆடியது இந்தக் கழகத்துக்காகத்தான். 2018-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகு இன்னும் மேலே ஏறவில்லை.

இரண்டாம் பிரிவுக் கழகத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 24 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 46 லீக் ஆட்டங்கள். அவற்றில் பலவற்றை நம் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. கழகத்தின் சொந்த இணைய ஒளிபரப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது வர்ணனையைக் கேட்டுத் திருப்தி அடைய வேண்டும். கடையை அடைத்துவிட்டு இரவு வர்ணனை கேட்பதே எனக்குப் போதும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கண்ணால் பார்க்கும் ஆட்டம் வேண்டும். ஆகவே உங்களுக்கு முதல் பிரிவுக் கழகமே நல்லது. அதிலும் உங்கள் வாழ்க்கையோடு ஏதேனும் ஓர் இழை ஒட்டுகிற கழகமாகப் பாருங்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அற்பமாகத் தெரியலாம், பிடிமானத்துக்கு அது போதும்.

பதில்: பர்மிங்காமில் ஒரு பள்ளத்தூர்க்காரன்

நான் ஆறு ஆண்டுகளாக பர்மிங்காமில் வசிக்கிறேன். ஆஸ்டன் வில்லாவின் ஆட்டங்களுக்கு இயன்றபோதெல்லாம் போகிறேன். மேலே அண்ணன் குறிப்பிட்ட 1888 லீக்கைத் தொடங்கி வைத்த வில்லியம் மெக்ரிகர் இந்தக் கழகத்தின் நிர்வாகி, ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்து இங்கே துணிக்கடை வைத்திருந்தவர். அதுவரை எந்த ஆட்டம் எப்போது நடக்கும், நடக்குமா என்பதே நிச்சயமில்லாமல் இருந்தது. கழகங்கள் ஒன்றையொன்று முறை வைத்து ஆட வேண்டும் என்று அவர் மற்ற கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். வெளியூரில் கடை போட்டவர் ஒருவர் அந்த ஊருக்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தித் தந்தார் என்பது, கொண்டுவிற்கப் போனவர்களின் வழியில் வந்த எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆசிரியை அவர்களின் கேள்விக்கு இங்கிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். என் பக்கத்து இருக்கைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். 1982-இல் ராட்டர்டாமில் வில்லா பயர்னை 1-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றதையும், 2016-இல் 17 புள்ளிகளோடு கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியதையும் பார்த்தவர். பள்ளத்தூரில் என் அம்மா வில்லாவின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. வெளிநாட்டு ரசிகர்கள் மீது இங்கே வெறுப்பு இல்லை. வருத்தம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு.

இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை கால்பந்து ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்புவதில்லை. மக்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் சிறிய கழகங்களின் மைதானங்கள் காலியாகிவிடும் என்பதற்காகப் பல பத்தாண்டுகளாக இருக்கும் ஏற்பாடு அது. அதனால், நுழைவுச்சீட்டு கிடைக்காத வாரத்தில், மைதானத்திலிருந்து நடை தூரத்தில் இருக்கும் நான் பார்க்க முடியாத ஆட்டத்தை, என் அம்மா பள்ளத்தூரில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் எனக்குச் சொல்கிறார்கள். அதே தொலைக்காட்சிக்காகத்தான் ஆட்ட நேரங்கள் மாற்றப்படுகின்றன. திங்கட்கிழமை இரவு வெளியூரில் ஆட்டம் வைத்தால், அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பக் கடைசி ரயில் இருக்காது. வெளியூர் அணி ரசிகர்களின் சீட்டு விலை 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பைக்கூட, ரசிகர்கள் பல காலம் போராடித்தான் 2016-இல் பெற்றார்கள்.

2021 ஏப்ரலில் ஆறு பெரிய ஆங்கிலக் கழகங்கள், கீழே இறங்கும் அச்சமே இல்லாத ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேரப்போவதாக அறிவித்தன. உலகம் முழுவதும் இருக்கும் பார்வையாளர்களுக்குப் பெரிய ஆட்டங்களே வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. அதாவது உங்களையும் உங்கள் மகனையும் காரணம் காட்டினார்கள். உள்ளூர் ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறும் விலகின. அந்த இரண்டு நாளில் வெளிநாட்டு ரசிகர்கள் பலரும் உள்ளூர்க்காரர்களின் பக்கம் நின்றதை நான் மறக்கவில்லை. எந்தக் கழகத்தை எடுத்தாலும் சரி, இப்படி ஒரு நாள் வரும்போது மைதானத்துக்கு நடந்து போகிறவர்களின் பக்கம் நில்லுங்கள். அப்படி நிற்கிறவர் ‘எங்கள் கழகம்’ என்று சொல்வதற்கு இங்கே யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள்.

தொடர்ச்சி: தேவகோட்டை ஆசிரியை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். அனைத்துப் பதில்களையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். கோட்டையூர் ஐயா சொன்னபடி வாரம் ஓர் அணியாகப் பார்த்தோம். சிட்டியை முதல் வாரமே பார்த்தோம். ஜில்லிங்காம் கதை அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவன் திரும்பத் திரும்பக் கேட்டது துண்டுகளை முடிச்சுப் போட்டவர்களைப் பற்றித்தான். “நீலத் துண்டு கொண்டுவந்தவர்கள் யார் அம்மா, அவர்களுடைய ஆட்கள் சாகவில்லையே, பிறகு ஏன் வந்தார்கள்?” என்று கேட்டான். நான் ஐயா எழுதிய பங்காளிக் கதையை மறுபடி படித்தேன்.

நான்காம் வாரம் எவர்ட்டன் ஆட்டம். 2025 மே மாதத்தோடு ஆடவர் அணி குடிசனை விட்டு வெளியேறி, கப்பல்துறை ஓரத்தில் கட்டிய புதிய மைதானத்துக்குப் போய்விட்டது என்றும், 1995-க்குப் பிறகு ஒரு கோப்பையும் வெல்லவில்லை என்றும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். கணக்கு ஆசிரியை என்பதால் எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. 2023-24 பருவத்தில் அவர்கள் ஆடிச் சேர்த்தது 48 புள்ளிகள்; நிதி விதிகளை மீறியதற்காக எட்டைக் கழித்துவிட, பட்டியலில் நின்றது 40. அபராதம் கட்டியும் கீழே இறங்காமல் தப்பினார்கள். அதையும் அவனிடம் மறைக்கவில்லை.

நாங்கள் பார்த்த அந்த ஆட்டத்தில் எவர்ட்டன் தோற்றது. அவன் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்க் கைகழுவினான். எனக்கும் அன்று தூக்கம் சரியாக வரவில்லை. காலையில் நாட்காட்டியில் அடுத்தடுத்த ஆட்டங்களை நீலப் பேனாவால் குறித்து வைத்திருந்தான். காரைக்குடித் தம்பி ஒரு வீட்டில் ஒரே அணி வேண்டியதில்லை என்றார். எங்கள் வீட்டில் இருவருக்கும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

குறித்து வைத்த ஆட்டங்களில் ஒன்று வார நாளில், நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 1.30 மணிக்கு. மறுநாள் பள்ளி இருப்பதால் விழித்திருக்க நான் அனுமதிக்கவில்லை. பள்ளி விட்டு வந்து மாலையில் முழு ஆட்டத்தையும் பார்ப்பதாகவும், அதுவரை முடிவை யாரும் தன்னிடம் சொல்லக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இந்தப் பகுதியை இப்போது அவனே படிக்கிறான். ஆகவே கோட்டையூர் ஐயா அவர்களும் மற்றவர்களும் அன்று மாலை எட்டு மணிவரை அந்த ஆட்டத்தின் முடிவை இங்கே எழுதாமல் பொறுத்திருக்குமாறு பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.